பல்லி விழுந்த வரி

எங்கள் நிரல் ஆய்விக்குச் சிச்சாக் என்று பெயர் வைத்தது ரொஸ்லிண்டா.
மலாயில் பல்லி.
வரிவரியாய் ஊர்ந்து
இங்கே நினைவகம் ஒழுகும்,
அங்கே பூச்சியத்தால் வகுக்கிறாய் என்று
நச்சு நச்சென்று சொல்லிக்கொண்டே போகும்.
ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி
கழுநீர்ப் பானையில் விழுந்த கதை
எனக்கு அன்றைக்கே நாக்கு நுனிவரை வந்தது.
சொல்லவில்லை.
மலாயில் சொன்னால் எதுகை போய்விடும்.

பாயான் லெப்பாஸ், இரண்டாம் மாடி, இரவு ஒன்பதேகால்.
நாளை பத்து மணிக்கு வெளியீடு.
நாலாயிரத்து முந்நூறு கோப்புகளில்
மூவாயிரத்துச் சொச்சம் ஒழுங்காய் ஊர்ந்துவிட்டுத்
துள்ளி விழுந்தது.

கடைசியாக அது நின்ற இடத்தைத் தேடிப் போனேன்.
ஆய்வியின் வயிற்றுக்குள் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்:
'இந்த இடத்துக்கு வர வாய்ப்பே இல்லை.'
அந்த இடத்தில்தான் செத்துக் கிடந்தது.

கோப்பில் பாதியை வெட்டினேன். விழுந்தது.
அதில் பாதி. விழுந்தது.
இன்னொரு பாதி. பிழைத்துக்கொண்டது,
ஆகவே குற்றவாளி வெட்டிப் போட்டதில்.
இப்படியே
இரண்டாயிரம் வரி, ஆயிரம், நூற்றிருபது, ஒன்பது.
நடுநடுவே விளக்கு தானாக அணையும்.
ஆளில்லை என்று நினைத்துக்கொள்ளும்.
யாருக்கோ டாட்டா காட்டுவதுபோல் கையை ஆட்டுவேன்,
வரும்.

பதினொன்று ஐம்பதுக்கு ஒரே ஒரு வரி மிச்சம்.
அதன் தலையில் ஒரு வெற்றிடம் கூட்டினால் உயிரோடிருக்கிறது.
எடுத்தால் சாகிறது.
கூட்டினேன், எடுத்தேன், கூட்டினேன், எடுத்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத்
தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல்.

பிறகுதான் தோன்றியது, திரைக்கு வெளியே
வலப்பக்கம் வரி இன்னும் நீள்கிறதே என்று.
தள்ளிப் பார்த்தேன்.

உணர்கருவி சூடேற நாற்பது மில்லிநொடி காத்திருக்கும் கட்டளை.
அதன் வாலில் ஒரு குறிப்பு, தமிழில்:
கொஞ்சம் பொறு.

எழுதியவர்: ஊய் கியான் ஹொக்.
கூலிம் ஆலைக்கு மாறிப்போய் எட்டு மாதம்.
தமிழில் ஓர் எழுத்து தெரியாது அவனுக்கு.
நாளுக்கு முப்பது தடவை நான் அவனுக்கு அனுப்பிய செய்தி அது.
அப்படியே அள்ளி
பொறுக்க வேண்டிய இடம் பார்த்து ஒட்டியிருக்கிறான்.

கண்ணுக்குக் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க.
இயந்திரத்துக்கு அப்படியில்லை.
முதலில் க, மூன்று பைட்.
அப்புறம் கொம்பையும் காலையும் ஒரே மூட்டையாய்க் கட்டி
இன்னொரு மூன்று.
சிச்சாக் எச்சரிக்கை எழுதும்போது
வரியை எண்பதாவது பைட்டில் நறுக்கும்.
கத்தி விழுந்தது மூட்டைக்குள்.
க தப்பியது,
கொம்புமில்லாத காலுமில்லாத ஏதோ ஒரு துணுக்கைக்
கையில் வைத்துக்கொண்டு
இதை என்ன செய்ய என்று தெரியாமல்
உயிரை விட்டிருக்கிறது பாவம்.

ரொஸ்லிண்டா தொலைபேசியில்:
'அந்தக் குறிப்பை அழித்துவிட்டு வீட்டுக்குப் போ லா.'
அழிக்கலாம். மூன்று நொடி வேலை.
விரலும் விசை வரைக்கும் போனது.

எழுத்தின் நடுவில் விழுந்தால் அதன் தொடக்கத்துக்குப் பின்வாங்கு
என்று ஆய்விக்கு நாலு வரி எழுதிச் சேர்த்தேன்.
சோதனைக்கு ஒரு கோப்பு:
இரண்டு சாய்கோடு, எழுபத்து நாலு வெற்றிடம், ஒரு கொ.
அவ்வளவுதான் கோப்பு.
எங்கள் களஞ்சியத்திலேயே
நான் இதுவரை எழுதியதில் ஆகச் சிறியது.

ஒன்றரை மணிக்கு மறுபடி விட்டேன்.
மூவாயிரம் தாண்டியது.
அந்த வரியில் ஒரு கணம் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது,
நிற்கவில்லை.
கடைசிக் கோப்புவரை ஊர்ந்துவிட்டு,
சாகும்போது சொல்ல வந்ததைச் சொல்லியது:

எச்சரிக்கை. வரி மிக நீளம்.

இதற்கா?

கடைசிப் பேருந்து போய் வெகுநேரம்.
வாடகைக் கார் வரப் பதினாலு நிமிடமாம்.
ஊய்க்கு அந்த வரியைப் படம் பிடித்து அனுப்பினேன்.
ராத்திரி ஷிப்டில் தொலைபேசி பெட்டிக்குள் இருக்கும்,
பார்க்க ஏழு மணியாகும்.

வரியை நான் மடிக்கவில்லை.
எச்சரிக்கை இருந்துவிட்டுப் போகட்டும்.